உறுதி ஒருவர் பெயரில், முடிவு வேறொருவர் கையில்: வாசகர் கேள்வி – பதில்

பாசிசம், கம்யூனிசம், சோசலிசம் ஆகியவற்றின் பொருளாதாரம் பற்றி வந்த கடிதங்களை இம்முறை ஒன்றாகச் சேர்த்துள்ளோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் அவற்றில் தெளிவானதை எடுத்திருக்கிறோம்.

கேள்வி: மூன்று முறையிலும் அரசுதான் பொருளாதாரத்தைக் கட்டுப்படுத்துகிறது என்று பாடக் குறிப்பில் இருக்கிறது. அப்படியென்றால் வித்தியாசம் எங்கே இருக்கிறது? எப்படி விளங்கிக்கொள்வது? (உயர்தர மாணவி, சுன்னாகம்)

பதில்: 'அரசு கட்டுப்படுத்துகிறது' என்ற வரியோடு நின்றுவிட்டால் மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். எந்த நாட்டை எடுத்தாலும் ஐந்து விடயங்களைத் தனித்தனியே கேட்டுப் பாருங்கள். காணியும் ஆலையும் யாருடைய பெயரில் இருக்கின்றன? எதை, எவ்வளவு செய்வதென்று யார் தீர்மானிக்கிறார்? விலையையும் கூலியையும் யார் வைக்கிறார்? மிஞ்சுவது யாருக்குப் போகிறது? ஐந்தாவதுதான் முக்கியமானது: பிடிக்காதவர் மறுத்து நிற்க வழி உண்டா? வேலைநிறுத்தம் செய்வது, வேலையை விட்டுப் போவது, ஆட்சியை வாக்கால் மாற்றுவது எல்லாம் அதில் அடங்கும்.

உரும்பிராயில் எட்டுப் பரப்புச் செம்மண் தோட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெங்காயம் போட்டிருக்கிறார்கள்.

1930களின் ஜேர்மனியில் அந்தத் தோட்டத்தின் உறுதி, அதாவது உரிமைப் பத்திரம், உரியவரின் பெயரிலேயே இருந்திருக்கும். ஆனால் 1933 செப்டெம்பரில் உருவான உணவு உற்பத்தி அமைப்பில் அவர் கட்டாய உறுப்பினர். பயிரிடுபவர், பதப்படுத்துபவர், வியாபாரி எல்லோரும் அதற்குள் அடக்கம். விலையை அமைப்பு வைக்கும், எந்த நிலையத்தில் ஒப்படைப்பது என்பதையும் அதுவே சொல்லும். ஏறத்தாழ ஏழரை ஹெக்டேயருக்கு மேற்பட்ட பண்ணைகளுக்கு இன்னொரு சட்டமும் வந்தது. அப்படிப்பட்ட பண்ணையை விற்கவோ ஈடு வைக்கவோ கூடாது, பிரிக்காமல் ஒரே வாரிசுக்குப் போகவேண்டும். மகளுக்குச் சீதனமாக இரண்டு பரப்பை எழுதிக் கொடுக்கும் பேச்சுக்கே அங்கே இடமில்லை. யூதர்கள் அத்தகைய பண்ணைக்கு உரிமையாளராக இருக்கவே முடியாது.

சோவியத் யூனியனில் காணி முழுவதும் 1917 முதல் தேசத்தின் சொத்து. 1929க்குப் பின் விவசாயிகள் கூட்டுப்பண்ணைகளுக்குள் தள்ளப்பட்டனர். 1935ஆம் ஆண்டின் மாதிரி விதிப்படி ஒரு குடும்பம் தன் பாவனைக்குக் கால் முதல் அரை ஹெக்டேயர் வரை வைத்திருக்கலாம். நமது கணக்கில் அது 10 முதல் 20 பரப்பு. ஆகவே நம்முடைய எட்டுப் பரப்பு அவர்களிடமே விடப்பட்டிருக்கும், வெங்காயத்தையும் சந்தையில் தங்கள் விலைக்கு விற்றிருக்கலாம். ஆனால் அவர்களுடைய வேலை நாட்கள் கூட்டுப்பண்ணையின் பெரிய வயலுக்குரியவை. அங்கே கிடைப்பது நாட்கூலி அல்ல, 'வேலைநாள்' என்ற புள்ளி. அரசுக்கு ஒப்படைக்க வேண்டிய தானியம், உழவு இயந்திர நிலையத்துக்குத் தானியமாகவே கொடுக்கும் கட்டணம், அடுத்த போகத்துக்கான விதை ஆகியவற்றைக் கழித்து மிஞ்சியதைத்தான் புள்ளிக் கணக்கில் பங்கிடுவார்கள். மிஞ்சாத ஆண்டில் பங்கும் இல்லை. பிற்காலத்தில், விதைத்த நிலத்தில் மூன்று நான்கு வீதமே இருந்த இந்தச் சிறு துண்டுகளிலிருந்து விவசாய உற்பத்தியின் ஏறத்தாழ கால்வாசி வந்ததற்கு, எங்கே விளைவு தன் கைக்கு வருகிறதோ அங்கே குடும்பம் உழைத்தது என்பதே விளக்கம்.

தேர்தலும் தொழிற்சங்கமும் உள்ள சோசலிச அரசாங்கத்தில் அதே தோட்டத்தின் உறுதி பெரும்பாலும் விவசாயியிடமே இருக்கும். மின்சாரம், நீர்ப்பாசனம், வங்கி, மொத்தக் கொள்வனவு போன்றவை பொதுத்துறையிலோ கூட்டுறவிலோ இருக்கும். உத்தரவாத விலை, வரி, காணி உச்சவரம்பு எல்லாம் வரலாம். விலை போதாது என்றால் தோட்டக்காரர் விற்க மறுக்கலாம், அடுத்த தேர்தலில் எதிர்த்து வாக்களிக்கலாம்.

விடைத்தாளில் முறையின் பெயரோடு நாட்டையும் காலத்தையும் சேர்த்து எழுதுங்கள்: இத்தாலி 1922–43, ஜேர்மனி 1933–45, சோவியத் 1928–91. 1921 முதல் 1928 வரை சோவியத்திலேயே தனியார் வியாபாரமும் சிறு தொழிலும் அனுமதிக்கப்பட்டிருந்தன. ஆண்டைக் குறிக்காமல் எழுதினால் அந்தக் காலமும் ஸ்டாலினின் காலமும் ஒன்றாகக் கலந்துவிடும்.

கேள்வி: ஹிட்லரின் கட்சிப் பெயரிலேயே 'தேசிய சோசலிச', 'தொழிலாளர்' என்ற சொற்கள் உள்ளன. அரசு தொழிற்சாலைகளுக்குக் கட்டளையும் இட்டது. நாசிசத்தை ஒருவகைச் சோசலிசம் என்று சொல்வதில் என்ன பிழை? (ஓய்வுபெற்ற ஆசிரியர், கோப்பாய்)

பதில்: பெயரை விடுங்கள், முதல் ஆண்டில் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். 1933 பெப்ரவரி 20 அன்று, தேர்தலுக்கு முன்பாக, பெரும் கைத்தொழில் அதிபர்களைக் கூட்டி ஹிட்லர் பேசினார். அந்தக் கூட்டத்தின் பின் ஏறத்தாழ 30 இலட்சம் மார்க் தேர்தல் நிதியாகத் திரட்டப்பட்டது. மே 2 அன்று நாடெங்கும் தொழிற்சங்க அலுவலகங்கள் கைப்பற்றப்பட்டன, தலைவர்கள் சிறைக்குப் போனார்கள், சங்கங்களின் பணம் பறிக்கப்பட்டது. தொழிலாளரும் முதலாளியும் சேர்ந்த 'ஜேர்மன் தொழில் முன்னணி' அந்த இடத்தில் வைக்கப்பட்டது. கூலியை அரசு நியமித்த அதிகாரிகள் நிர்ணயித்தனர். 1934 ஜனவரிச் சட்டம் தொழிற்சாலையின் முதலாளியை அதன் 'தலைவர்' என்றும் வேலை செய்வோரைப் 'பின்பற்றுவோர்' என்றும் வகுத்தது. 1935இல் வேலைப் புத்தகம் வந்தது. அது முதலாளியின் கையில் இருக்கும், அது இல்லாமல் வேறிடத்தில் வேலை எடுக்க முடியாது.

சொத்து விடயத்திலும் பாருங்கள். பொருளாதார மந்தத்தின்போது முன்னைய அரசு காப்பாற்றி வைத்திருந்த பெரிய வங்கிகளின் பங்குகளும் மிகப்பெரிய உருக்கு நிறுவனத்தின் பங்குகளும் 1936, 1937ஆம் ஆண்டுகளில் தனியாருக்கே திருப்பி விற்கப்பட்டன. கட்சியின் 1920ஆம் ஆண்டுத் திட்டத்தில் இழப்பீடின்றிக் காணி எடுப்பது பற்றி ஒரு வரி இருந்தது. கட்சி தனியார் சொத்தை ஏற்கிறது, அந்த வரி யூத ஊக வணிகருக்கு எதிரானது மட்டுமே என்று 1928இலேயே ஹிட்லர் விளக்கம் எழுதிவிட்டார்.

ஆனால் இதை வைத்து 'அது வெறும் முதலாளித்துவம்' என்று எழுதுவதும் சரியாகாது. முதலாளிக்கு உறுதி இருந்தது, சுதந்திரம் இல்லை. இறக்குமதிக்கு 1934இன் புதிய திட்டப்படி பொருள்வாரியான மேற்பார்வை அலுவலகத்தின் அனுமதி வேண்டும். பங்கு இலாபம் பொதுவாக 6 வீதத்துக்கு மேல் போனால் மிகுதி அரச கடன் பத்திரத்துக்குப் போகவேண்டும். 1936 நவம்பரில் விலைகள் உறையவைக்கப்பட்டன. விமானத் தயாரிப்பாளர் ஹுகோ ஜங்கர்ஸ் ஒத்துழைக்க மறுத்தபோது அவரது காப்புரிமைகளும் நிறுவனமும் பறிபோயின. தரம் குறைந்த உள்நாட்டு இரும்புத் தாதைத் தோண்டத் தனியார் உருக்கு நிறுவனங்கள் பின்வாங்கியபோது, 1937இல் ஹிட்லரின் அமைச்சர் கோரிங்கின் பெயரில் அரசே ஒரு பெரும் நிறுவனத்தைத் தொடங்கியது. சொன்னதைச் செய்தால் இலாபம் உன்னுடையது, மறுத்தால் தொழிற்சாலை உன்னுடையதல்ல: இதுதான் பேரம். யூதத் தொழிலதிபர்களுக்கு அந்தப் பேரமும் இருக்கவில்லை. அவர்களின் கடைகளும் ஆலைகளும் அடிமாட்டு விலைக்கு எழுதி வாங்கப்பட்டன, பின்னர் நேரடியாகவே பறிக்கப்பட்டன.

இந்த முறை எங்கே இடறியது என்பதற்கு 'மெஃபோ' உண்டியல் (தவணை முடிவில் பணமாக மாற்றும் கடன் தாள்) நல்ல உதாரணம். சீமென்ஸ், குருப் உள்ளிட்ட நான்கு நிறுவனங்களைக் கொண்டு 10 இலட்சம் மார்க் மூலதனத்தில் ஒரு போலி நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. ஆயுதம் செய்பவர் அரசுக்குப் பட்டியல் அனுப்பாமல் அந்தப் போலி நிறுவனத்தின் மீது உண்டியல் எழுதுவார். மத்திய வங்கி அதை மாற்றித் தர உறுதி அளிக்கும். மூன்று மாதத் தவணை, அதை ஐந்து ஆண்டு வரை நீட்டலாம், 4 வீத வட்டி. இவ்வாறு 1938க்குள் ஏறத்தாழ 1,200 கோடி மார்க் வரவுசெலவுத் திட்டத்தில் தெரியாமலே ஆயுதத்துக்குப் போனது. 60 இலட்சமாக இருந்த வேலையின்மை இறங்கியதற்கு இந்தச் செலவும் கட்டாய இராணுவ சேவையும் பெரிய காரணங்கள். ஆனால் துப்பாக்கியை ஏற்றுமதி செய்து கோதுமையும் செம்பும் வாங்க முடியாது. அந்நியச் செலாவணி வற்றியது, உண்டியல்களின் தவணையும் நெருங்கியது. 1938இல் ஒஸ்திரியாவின் தங்க இருப்பு, அடுத்த ஆண்டு செக்கோஸ்லோவாக்கியாவின் தொழிற்சாலைகள், போர் தொடங்கிய பின் பிடித்த நாடுகளின் தானியமும் மனிதர்களும் என்று கொள்ளையால் ஓட்டை அடைக்கப்பட்டது. 1944இல் போர்க் கைதிகள் உட்பட 70 இலட்சத்துக்கும் அதிகமான வெளிநாட்டவர் ஜேர்மனியில் வேலை செய்தனர். மிகப் பெரும்பாலோர் கட்டாயத்தில். இந்தப் பொருளாதாரத்தைப் போரிலிருந்து பிரித்து மதிப்பிடுபவர்களை நம்பாதீர்கள். போருக்காகவே கட்டப்பட்டது அது.

கேள்வி: முசோலினியின் தொழில் மன்றங்களில் தொழிலாளருக்கும் முதலாளிக்கும் சம இடம் இருந்ததாமே? அது நல்ல ஏற்பாடு இல்லையா? மேலும் அரசே தொழில் நடத்தினால் அது சோசலிசம் ஆகாதா? (வங்கி ஊழியர், மானிப்பாய்)

பதில்: தாளில் சம இடம்தான். 1934இல் 22 மன்றங்கள் அமைக்கப்பட்டன. ஆனால் தொழிலாளர் பக்கத்தில் உட்கார்ந்தவர்களைத் தொழிலாளர் தெரிவு செய்யவில்லை. 1925இல் முதலாளிகள் சம்மேளனமும் பாசிசச் சங்கங்களும் ஒன்றை ஒன்று மட்டுமே அங்கீகரிப்பதென்று ஒப்பந்தம் செய்துகொண்டன. மற்றச் சங்கங்களுக்கு அத்தோடு கதவு அடைபட்டது. 1926 ஏப்ரல் சட்டம் வேலைநிறுத்தத்தைத் தடை செய்தது. அதே ஆண்டு லிராவின் மதிப்பைப் பவுணுக்கு 90 என்ற அளவுக்கு உயர்த்த முசோலினி முடிவெடுத்தார். ஏற்றுமதி விலை கூடியது, அந்தச் சுமையை இறக்க 1927இல் கூலி 10 முதல் 20 வீதம் வரை வெட்டப்பட்டது. வேலைநிறுத்தம் செய்ய முடியாத இடத்தில் இது எவ்வளவு எளிதாக நடந்தது என்பதைக் கவனியுங்கள். அதே ஆண்டு வெளியான தொழில் சாசனம், தனியார் முயற்சியே தேச நலனுக்கு மிகப் பயனுள்ள கருவி என்றும் அது போதாத இடத்தில் மட்டும் அரசு தலையிடும் என்றும் எழுதி வைத்தது.

இரண்டாவது கேள்விக்கு 1933இல் தொடங்கிய 'இரி' நிறுவனம் பதில் சொல்லும். வங்கிகள் தொழிற்சாலைப் பங்குகளில் பணத்தைப் போட்டு மூழ்கும் நிலைக்கு வந்தபோது, அந்தப் பங்குகளை அரசு வாங்கிக்கொள்ள உருவாக்கப்பட்டது அது. நட்டம் பொதுமக்களின் தலையில், மீண்டெழுந்தவற்றில் சில தனியாருக்கு. உருக்கு, கப்பல் கட்டுதல், கப்பல் போக்குவரத்து ஆகியவற்றின் பெரும்பகுதி இவ்வாறு பாசிச அரசின் கைக்கு வந்தது. யாரும் சோசலிசத்தை நாடி இதைச் செய்யவில்லை. போருக்குப் பின் அதே நிறுவனம் ஜனநாயக இத்தாலியில் நெடுஞ்சாலையும் விமான சேவையும் நடத்தி 2000களின் தொடக்கம் வரை இருந்தது. இடையில் மூன்று தலைமுறை அரசியல் மாறிவிட்டது. அரச உடைமை என்ற ஒன்றை மட்டும் வைத்து ஓர் ஆட்சிக்குப் பெயர் வைக்க முடியாது.

கேள்வி: சோவியத் நாட்டில் எல்லாம் திட்டமிட்டுத்தானே நடந்தது? பிறகு ஏன் தட்டுப்பாடு? திட்டம் உண்மையில் எப்படிப் போடப்பட்டது? (கூட்டுறவுச் சங்கக் கணக்காளர், சாவகச்சேரி)

பதில்: கணக்காளர் கேட்பதால் கணக்காகவே சொல்கிறோம். ஒவ்வொரு முக்கிய பொருளுக்கும் திட்டக் குழு ஓர் இருபக்க ஏடு வைத்திருந்தது. இடப்பக்கம் வரவு: இந்த ஆண்டு உற்பத்தி, இறக்குமதி, களஞ்சிய இருப்பிலிருந்து எடுப்பது. வலப்பக்கம் செலவு: மற்றத் தொழிற்சாலைகளின் தேவை, மக்கள் பாவனை, ஏற்றுமதி, இருப்பில் சேர்ப்பது. இரு பக்கமும் சமப்படவேண்டும். சுமார் இரண்டாயிரம் பொருள் தொகுதிகளுக்குத் திட்டக் குழுவும், அதைவிட நுண்ணிய ஆயிரக்கணக்கானவற்றுக்கு விநியோகக் குழுவும் அமைச்சுகளும் இப்படிச் சமன் செய்தன.

வேலை நடக்கும் ஒழுங்கு இது. கட்சித் தலைமை முன்னுரிமையைச் சொல்லும். திட்டக் குழு உத்தேச எண்களை அமைச்சுகளுக்கு அனுப்பும். அமைச்சு தொழிற்சாலைகளுக்குப் பிரிக்கும். தொழிற்சாலை தனக்கு எவ்வளவு நிலக்கரி, உருக்கு, ஆட்கள் வேண்டும் என்று மேலே எழுதும். எல்லாம் திரும்பி வந்தபின் ஏடுகளைச் சமப்படுத்தி, கீழே இறக்கி, ஆண்டுத் திட்டம் சட்டமாகும். பல தடவை ஆண்டு தொடங்கிய பிறகும் எண்கள் மாறிக்கொண்டே இருக்கும்.

சிக்கல் முதலாவதாக அந்தச் சமன்பாட்டிலேயே இருக்கிறது. உருக்கு 5 வீதம் போதவில்லை என்றால் உருக்கைக் கூட்ட வேண்டும். உருக்குக்கு நிலக்கரி வேண்டும், நிலக்கரிக்கு மின்சாரமும் வண்டிப் பெட்டியும், வண்டிப் பெட்டிக்கு மறுபடி உருக்கு. இரண்டாயிரம் ஏடுகளையும் திரும்பத் திருத்த நேரம் இல்லை. ஆகவே தேவையின் பக்கத்தைத் தட்டிவிடுவார்கள், அல்லது 'சிக்கனமாகப் பாவி' என்று எழுதிவிடுவார்கள். முன்னுரிமையில் கடைசியில் இருந்தது மக்களின் பாவனைப் பொருள், வெட்டு அங்கேயே விழுந்தது.

இரண்டாவது, மேலே போகும் எண்களைக் கொடுப்பவரே அவற்றால் அளக்கப்படுகிறார். போன ஆண்டு அடைந்த அளவை வைத்து அடுத்த இலக்கு ஏறும். எனவே இலக்கை 101 வீதம் முடிப்பவர் கெட்டிக்காரர். 120 முடித்தால் அடுத்த ஆண்டு அகப்பட்டுக்கொள்வார். தேவையைக் கூட்டிச் சொல், திறனைக் குறைத்துச் சொல், கிடைத்ததைக் களஞ்சியத்தில் பதுக்கு. இது ஒவ்வொரு முகாமையாளரும் கற்ற பாடம். இலக்கு தொன்னில் என்றால் பாரமான பொருள் வரும், எண்ணிக்கையில் என்றால் சிறிய பொருள் வரும். மாதத்தின் முதல் பத்து நாள் மூலப்பொருளுக்குக் காத்திருப்பு, கடைசிப் பத்து நாள் இராப்பகலாக ஓட்டம். கடைசி வாரத்தில் செய்த இயந்திரத்தை வாங்கப் பலர் தயங்கினர். திட்டத்தில் இல்லாத உதிரிப்பாகத்தைத் தேடிப் பிடித்துக் கொடுக்கவே தொழிற்சாலைகள் 'தொல்காச்' என்ற தரகர்களை ஊர் ஊராக அனுப்பின.

மூன்றாவது, நட்டப்பட்ட தொழிற்சாலை மூடப்படாது. மானியம் வரும், கடன் மன்னிக்கப்படும் என்று தெரிந்தால் யாரும் மூலப்பொருளை அளந்து கேட்கமாட்டார்கள். ஹங்கேரியப் பொருளியலாளர் யானோஷ் கோர்னாய் 1980 அளவில் விரிவாக விளக்கியது இதைத்தான். ஒவ்வொருவரும் எல்லையில்லாமல் கேட்கும் இடத்தில் எவ்வளவு உற்பத்தி செய்தாலும் தட்டுப்பாடுதான்.

இந்த முறை ஒன்றும் சாதிக்கவில்லை என்று சொல்லவரவில்லை. ஒரு விவசாய நாட்டைப் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் உருக்கும் மின்சாரமும் யுத்த தாங்கியும் செய்யும் நாடாக்கியது. எழுத்தறிவையும் மருத்துவத்தையும் பரப்பியது. ஒரே ஒரு இலக்கைக் குறிவைத்து வளங்களை இழுத்துக் குவிப்பதில் மத்திய திட்டம் வல்லது. ஆனால் அந்த இழுப்புக்குக் கொடுக்கப்பட்ட விலையை மறைத்து எழுதக்கூடாது. 1932–33 பஞ்சத்தில் உக்ரேன், கசாக்ஸ்தான் முதலிய இடங்களில் பல மில்லியன் மக்கள் இறந்தபோதும் தானியக் கொள்முதலும் ஏற்றுமதியும் தொடர்ந்தன.

விலை பற்றி ஒரு ஒப்பீடு, ஏனென்றால் நமக்கு இது நெருக்கமானது. 1953இல் இலங்கை அரசு கூப்பன் அரிசியின் விலையைக் கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றியது. ஓகஸ்ட் 12 அன்று இடதுசாரிகள் அழைத்த ஹர்த்தாலில் துப்பாக்கிச் சூடும் நடந்தது, உயிர்களும் போயின. ஆனால் பிரதமர் டட்லி சேனநாயக்க அவ்வாண்டே பதவி விலகினார். 1962 ஜூனில் சோவியத் அரசு இறைச்சி, வெண்ணெய் விலையை 25–30 வீதம் ஏற்றியபோது நொவொசெர்காஸ்க் நகரத் தொழிலாளர் ஊர்வலம் போனார்கள். 20க்கு மேற்பட்டோர் சுடப்பட்டு இறந்தனர், ஊர்வலத்தை நடத்தியவர்களில் சிலருக்கு மரண தண்டனை. தொழிலாளரின் பெயரால் ஆண்ட நாட்டில் அந்தச் செய்தி கால் நூற்றாண்டுக்கு அச்சேறவில்லை. முதல் பதிலில் ஐந்தாவது கேள்வியை முக்கியமானது என்றது இதனால்தான்.

கேள்வி: சுவீடன் சோசலிச நாடா? பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள், எல்லாம் இலவசம் என்கிறார்கள். (இல்லத்தரசி, நல்லூர்)

பதில்: தொழிற்சாலைகளில் மிகப் பெரும்பாலானவை தனியாருடையவை, பங்குச் சந்தையும் உண்டு. அந்த வகையில் இல்லை. ஆனால் வரி உயர்ந்தது, அந்த வரியால் கல்வியும் மருத்துவமும் குழந்தைப் பராமரிப்பும் கிடைக்கின்றன. முழுவதும் இலவசம் அல்ல, மருத்துவரிடம் போனால் ஒரு சிறு கட்டணம் இருக்கும். சம்பளத்தைப் பெருமளவுக்குத் தொழிற்சங்கமும் முதலாளிகள் அமைப்பும் பேசித் தீர்மானிக்கின்றன. 1938ஆம் ஆண்டு ஒப்பந்தம் அதற்கு அடித்தளம். நிறுவனங்களின் இலாபத்தில் ஒரு பகுதியால் பங்கு வாங்கித் தொழிலாளர் நிதியங்களில் சேர்க்கும் திட்டம் 1980களில் வந்தது, 1990களின் தொடக்கத்தில் கலைக்கப்பட்டது. உடைமையைத் தொட்ட முயற்சி அது. இதைச் சமூக ஜனநாயகம் என்பது பொருந்தும்.

கேள்வி: 1970–77 காலத்தில் எங்கள் தோட்டக்காரர் நன்றாக வாழ்ந்தார்கள் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். அதேநேரம் பாணுக்கு வரிசையில் நின்றதாகவும் சொல்கிறார்கள். அது சோசலிசமா? இரண்டும் எப்படிச் சேர்ந்து நடந்தன? (இளம் விவசாயி, அச்சுவேலி)

பதில்: இரண்டும் உண்மை, இரண்டுக்கும் வேர் ஒன்றே. அந்நியச் செலாவணி இல்லாத அரசு மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. தென்னிலங்கைச் சந்தை முழுவதும் உள்நாட்டு விளைச்சலை நம்பியபோது செத்தல் மிளகாயின் விலை ஏறியது. கிணறும் இறைப்பு மெசினும் செம்மண்ணும் உள்ள இடம் வலிகாமம். உறுதியும் தோட்டக்காரரிடம், முடிவும் அவரிடம், இலாபமும் அவரிடம். இடதுசாரிக் கட்சிகள் பங்கேற்ற அரசாங்கத்தின் கீழ் யாழ்ப்பாணத்தில் செழித்தது சிறு தனியுடைமைதான். அதே செலாவணித் தட்டுப்பாட்டால் மாவும் அரிசியும் சீனியும் குறைந்து பாண் வரிசை நீண்டது. மாவட்டத்துக்கு மாவட்டம் அரிசி கொண்டுபோகவும் தடை வந்தது. நிலமில்லாத கூலிக் குடும்பத்துக்கு அந்தக் காலம் பொற்காலம் அல்ல. பெரியவர்கள் சொல்வதைக் கேட்கும்போது அவர்கள் வீட்டில் தோட்டம் இருந்ததா என்றும் கேளுங்கள்.

நாட்டின் மற்ற இடங்களில் உடைமையே மாறியது. 1972இன் காணிச் சீர்திருத்தம் தனியாருக்கு 50 ஏக்கர், வயல் என்றால் 25 ஏக்கர் என்று வரம்பு வைத்தது. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. துண்டு துண்டான யாழ்ப்பாணக் காணிகளில் இந்த வரம்பைத் தொடுபவர் மிகச் சிலரே. இங்கே பொதுத்துறை என்பது வேறு வடிவில் இருந்தது: 1958 முதல் ஓடிய இலங்கைப் போக்குவரத்துச் சபை (இ.போ.ச.) பஸ், 1961இல் வந்த மக்கள் வங்கி, 1950இல் உற்பத்தி தொடங்கிய காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை, பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை. சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் நின்றது போரினால். திட்டமிடலின் குறையால் நின்றதாக எண்ணி வாதத்தில் சேர்க்கவேண்டாம்.

1977இன் பின் இறக்குமதி திறந்துவிடப்பட்டது. வெளியிலிருந்து மிளகாயும் வெங்காயமும் வந்ததும் இங்கே விலை விழுந்தது. 1978 அரசியலமைப்பில் நாட்டின் பெயரோடு 'சோசலிச' என்பதைச் சேர்த்ததும் அதே அரசாங்கம்தான். ஆகவே உங்கள் கேள்விக்கு: அது இறக்குமதிக் கட்டுப்பாடும் பெரிய பொதுத்துறையும் சேர்ந்த கலப்புப் பொருளாதாரம். தேர்தல் இரண்டு ஆண்டு பிந்தினாலும் நடந்தது, ஆட்சி மாறியது.

கேள்வி: சங்கக்கடையைச் சோசலிசம் என்று சொல்லலாமா? மூன்று முறையிலும் கூட்டுறவு இருந்ததா? (பலநோக்குக் கூட்டுறவுச் சங்க உறுப்பினர், பண்டத்தரிப்பு)

பதில்: கூட்டுறவு மூன்றுக்கும் முந்தியது. இங்கிலாந்தின் ரொச்டேல் நெசவாளர்கள் 1844இல் கடை திறந்தபோது வகுத்த விதிகளே இன்றும் அடிப்படை: எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்கு, இலாபம் வாங்கிய அளவுக்கு ஏற்ப உறுப்பினருக்கே திரும்பும். உடைமை கூட்டாக, முடிவும் கூட்டாக. சோசலிசத்தின் நல்ல உள்ளடக்கம் அதில் இருக்கிறது, அரசு மட்டும் இல்லை. மூளாய்க் கூட்டுறவு வைத்தியசாலை இந்த வழியில் 1930களில் எழுந்தது. 1972இல் தவறணைக் குத்தகை முறை ஒழிந்து, கள் இறக்கும் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தபோது, குத்தகைக்காரரிடம் போன இலாபம் மரமேறியவரின் பக்கம் திரும்பத் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் சாதியால் நசுக்கப்பட்ட ஒரு தொழிலுக்கு அது சிறிய மாற்றம் அல்ல.

ஓர் ஆட்சியை அளக்கக் கூட்டுறவுக்கு என்ன நடந்தது என்று பார்ப்பது நல்ல வழி. இத்தாலியில் 1921–22இல் பாசிசக் குண்டர்கள் கூட்டுறவுக் கடைகளையும் சங்கங்களையும் எரித்தார்கள். தப்பியவை 1926இல் ஒரு பாசிசக் கூட்டுறவு அமைப்பின் கீழ் கொண்டுவரப்பட்டன. ஜேர்மனியின் நுகர்வோர் சங்கங்கள் 1933இல் கட்சியின் பிடிக்குள் வந்தன, 1941இல் அவற்றின் சொத்துகளைத் தொழில் முன்னணி விழுங்கியது. சோவியத்தில் பெயர் நீடித்தது. ஆனால் 1935இல் நகரக் கூட்டுறவுக் கடைகள் அரச வியாபாரத்துக்கு மாற்றப்பட்டன. கிராமத்துச் சங்கங்களும் திட்டத்தின் விநியோகக் கிளைகளாகவே இயங்கின. பிரித்தானியாவிலும் சுவீடனிலும் சோசலிசக் கட்சிகள் ஆண்ட காலத்தில் அவை உறுப்பினரின் கையிலேயே இருந்தன.

நம்மிடம் 1970களின் தொடக்கத்தில் சிறு சங்கங்களைப் பெரிய பலநோக்குச் சங்கங்களாக இணைத்தபோது, இயக்குநர் சபைகளில் அரசு நியமித்தவர்களும் வந்து உட்கார்ந்தனர். உறுப்பினர் விலகி நின்றது அப்போதுதான் தொடங்கியது என்பது எங்கள் கணிப்பு. வேறு நோய்களும் உண்டு: கடனுக்குக் கொடுத்து அறவிடாமல் விடுவது, களஞ்சியக் குறைவை 'கழிவு' என்று எழுதித் தள்ளுவது, கணக்காய்வு ஆண்டுக்கணக்கில் பிந்துவது.

உங்கள் சங்கத்தின் அடுத்த வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்குப் போகும்போது நான்கு தாள்களைக் கேளுங்கள். கடைசியாகக் கணக்காய்வு செய்த ஆண்டின் அறிக்கை, ஒவ்வொரு கிளையினதும் இருப்புக் குறைவு, ஓராண்டுக்கு மேல் நிற்கும் கடன்களின் பட்டியல், இயக்குநர் சபையில் தெரிவானவர் எத்தனை, நியமிக்கப்பட்டவர் எத்தனை என்ற விபரம். கேட்டது கூட்டக் குறிப்பில் பதிவாகட்டும். 'பிறகு தருகிறோம்' என்றால் எந்தத் திகதி என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.